இரண்டு வயது மூத்த தலைவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணியினரே, அவையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"சாரணர் படையில் நம்மை உருவாக்கியவர் சாரண ஆசிரியரா, அணித் தலைவரா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா ஆசிரியருக்காக உருகி உருகிப் பேசினார். ஊதியம் வாங்காமல், தன் ஓய்வு நாளைக் கொடுத்து, ஊரார் பிள்ளைகளை வெயிலிலும் மழையிலும் கட்டி மேய்த்த மனிதர் என்றார். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. எங்கள் படையின் ஆசிரியரும் அப்படிப்பட்டவர்தான். அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதை இன்றுவரை குறையவில்லை. ஆனால் யார் நல்லவர் என்று தலைப்பு கேட்கவில்லை. யார் உருவாக்கினார் என்று கேட்கிறது. அதற்கு என் பதில்: என்னைவிட இரண்டே வயது மூத்த ஒரு பையன்.

சாரணராக இருந்திராதவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு படையை அப்படியே மொத்தமாக வைத்திருக்க மாட்டார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் பெயரோ பறவையின் பெயரோ இருக்கும். தனிக் கொடி, கூடி நிற்கத் தனி மூலை, கூப்பிடத் தனிக் குரல் எல்லாம் இருக்கும். அந்த ஆறெட்டுப் பேரில் ஒருவர்தான் அணித் தலைவர். அவருக்கும் அதே சீருடை, அதே ஸ்கார்ஃப். அவரும் வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும். அவரும் வீட்டில் அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் முகாமுக்கு வர வேண்டும்.

நிர்வாக வசதிக்காகப் பிரித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இயக்கமே அந்தப் பிரிவின் மேல்தான் எழுந்தது. இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்குள் பிரௌன்சீ என்று ஒரு தீவு இருக்கிறது. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அங்கே இருபது சொச்சம் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து சிலர் வந்தார்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் பூலிலிருந்தும் போர்ன்மத்திலிருந்தும் வந்தார்கள். அப்போது பேடன் பவலுக்கு ஐம்பது வயது, நாடே அறிந்த தளபதி. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அவரே ஆணையிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற கரைப்பறவை என்று நான்கு அணிகளாகப் பிரித்தார். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று தோளில் குத்திக்கொள்ள நிறம் கொடுத்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். இரவுக் காவலுக்கு ஓர் அணி முறைவைத்துப் போகும். சமையலுக்கான பொருளை வாங்கிக்கொண்டு போய், தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, தாங்களே காவல் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு அந்த அணியின் தலைவனுடையது.

அடுத்த ஆண்டு நடந்ததை எதிரணியினர் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். 1908 தொடக்கத்தில் பேடன் பவல் தன் கையேட்டை ஆறு பகுதிகளாக, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டார். கடையில் அதை வாங்கிப் படித்த பையன்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தங்களுக்குள் அணி சேர்ந்தார்கள், தங்களில் ஒருவனைத் தலைவன் என்றார்கள், கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்கள். அப்புறம்தான் பல இடங்களில் ஒரு பெரியவரைத் தேடிப் போய், "எங்களுக்கு ஆசிரியராக இருப்பீர்களா?" என்று கேட்டார்கள். ஆசிரியர் வந்து அணியைத் தேடவில்லை. அணிதான் போய் ஆசிரியரைத் தேடியது!

சிறுமிகளின் கதை இன்னும் அழகு. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் கூடினார்கள். அழைப்பே இல்லாமல், தாங்களே தேடிக்கொண்ட சீருடையோடு சில சிறுமிகளும் வந்து நின்று, "நாங்களும் சாரணர்தான்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் 1910-ல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் தலைமையில் அவர்களுக்கென்று இயக்கம் பிறந்தது. இங்கேயும் குழந்தைகள் முன்னால் நடந்தார்கள், பெரியவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

சரி, வரலாறு போதும். என் அணிக்கு வருகிறேன்.

நான் படையில் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஆளுக்கு ஒரு துண்டுக் கயிறு கொடுத்து, எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியர் முன்னால் நின்று போலைன் முடிச்சைப் போட்டுக் காட்டினார். இறுகினாலும் சுருங்காத கண்ணி அது. ஆபத்தில் இருப்பவரின் இடுப்பில் கட்டி இழுக்கலாம் என்று விளக்கினார். மிகச் சரியாகத்தான் செய்து காட்டினார். ஆனால் அவர் கை பல ஆண்டுகள் பழகிய கை. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சு விழுந்துவிட்டது. எங்கள் கையிலிருந்த கயிறு அப்படியே கயிறாகவே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் எங்கள் அணித் தலைவர் என்னை ஓரமாக உட்கார வைத்தார். அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்தால் வலது இடது மாறித் தெரியும் என்பது அவருக்கு நினைவிருந்தது, ஏனென்றால் அவரும் அங்கேதான் திணறியிருந்தார். ஒரு சின்ன வளையம் போட்டு, "இது முயல் பொந்து. இந்தப் பக்கம் நிற்பது மரம். முயல் பொந்திலிருந்து வெளியே வருகிறது, மரத்தைச் சுற்றுகிறது, பயந்துபோய்த் திரும்பப் பொந்துக்குள் போகிறது. இப்போது இழு" என்றார். உலகம் முழுக்கச் சாரணப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைதான் அது. அன்றைக்கு அது எனக்காகவே பிறந்த கதை. என் விரலைப் பிடித்து இரண்டு முறை முயலை ஓட வைத்தார். மூன்றாவது முறை நானே ஓட்டினேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "விவரம் தெரியாத பையனுக்கு விவரம் தெரியாத பையன் சொல்லித் தருவது குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவது" என்றார். ஐயா, பழமொழி நல்ல பழமொழி. இந்த இடத்துக்குப் பொருந்தாது. ஒன்றை நேற்றுக் கற்றுக்கொண்டவருக்கு, அதில் எந்த இடத்தில் கால் இடறும் என்பது இன்னும் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கற்றவருக்கு அந்த இடம் மறந்தே போயிருக்கும். குழந்தைக்குக் கற்றுத்தர வல்லமை மட்டும் போதாது. தனக்கும் ஒருநாள் அது வராமல் இருந்தது என்ற நினைவு வேண்டும். அந்த நினைவு பெரியவரைவிட இரண்டு வயது மூத்தவரிடம் பசுமையாக இருக்கிறது.

முதல் முகாமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டை விட்டு வெளியே தூங்கும் முதல் இரவு. விளக்கை அணைத்த பிறகு கூடாரத்துக்குள் யாரோ ஒரு சின்னப் பையன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். சாரணராக இருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஆசிரியரின் கூடாரம் தள்ளி இருக்கிறது. அவருக்கு அது கேட்காது. கேட்டாலும் அழுத பையன் அவரிடம் ஒப்புக்கொள்ள மாட்டான். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. நாளைக்குத் தடம் தேடும் விளையாட்டில் நாம் எந்தப் பக்கமாகப் போகலாம் என்று இருட்டில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் யோசனை கேட்டார். மூக்கை உறிஞ்சியவனிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். பேசிக்கொண்டே எல்லோரும் தூங்கிப்போனோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? முந்தைய முகாமில் அவருடைய அணித் தலைவர் அவருக்குச் செய்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த இரவு மழை. பழைய கூடாரங்களின் கயிறு சணலோ பருத்தியோதான். நனைந்தால் அந்தக் கயிறு சுருங்கும். சுருங்கினால் முளையைப் பிடுங்கிவிடும், இல்லாவிட்டால் துணியைக் கிழித்துவிடும். அதனால் மழை தொடங்கும்போதே எழுந்து போய்ச் சுற்றிலும் எல்லாக் கயிற்றையும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் கூடாரம் நின்றுகொண்டிருந்தது, அண்ணனின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. யாரிடமும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எழுந்து போனதை நாங்கள் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பொறுப்பு என்றால் என்ன என்று எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சட்டையைத் தாண்டி ஒரு விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

அவர் காட்டிய சின்னச் சின்ன வித்தைகள் எத்தனையோ. அடுப்பில் வைப்பதற்கு முன்னால் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சோப்பைப் பூசிவிட்டால், கரி ஒட்டினாலும் கழுவும்போது சுலபமாகப் போய்விடும். மழை வரும்போல இருந்தால் பற்றவைக்கும் சுள்ளியை இரவே கூடாரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். யாருக்காவது கை பிசகினால் கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றித் தூளியாகக் கட்டலாம். துணியை விலக்கி இருபத்துநான்கு பொருட்களை ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லும் கிம்ஸ் விளையாட்டில் எங்கள் அணி எப்போதும் பின்தங்கியது. ஆளுக்கு ஒரு மூலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அணிப் போட்டி என்று வந்தால் யாரும் எங்களைத் தாண்டியதில்லை.

தடக் குறிகளும் அப்படித்தான். அம்புக்குறி போட்டால் இந்த வழி. பெருக்கல் குறி போட்டால் இந்த வழி வேண்டாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால், "நான் வீட்டுக்குப் போய்விட்டேன்". 1941 ஜனவரியில் இறந்த பேடன் பவலின் கல்லறை கென்யாவில் நியேரி என்ற ஊரில் இருக்கிறது. அந்தக் கல்லில் இந்த வட்டமும் புள்ளியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உயர்ந்த விருதுகள் எத்தனையோ பெற்றவர். அவருடைய கல்லறையில், சிறுவர்கள் மண்ணில் கல் வைத்துப் போடும் அதே குறி இருக்கிறது. அதை எங்களுக்கு முதன்முதலில் சொன்னதும் அண்ணன்தான். சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

இப்போது எதிரணியின் கனமான வாதத்துக்கு வருகிறேன். "அந்த அணித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது யார், பயிற்சி கொடுத்தது யார்? ஆசிரியர்தானே!" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆமாம், ஆசிரியர்தான். அதற்காகத்தான் அணித் தலைவர்கள் மட்டும் உட்காரும் ஒரு மன்றம் படையில் இருக்கிறது. அடுத்த முகாம் எங்கே, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று அவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். ஆசிரியர் கூட உட்கார்ந்து ஆலோசனை சொல்வார். அந்த மன்றம் உயிரோடு இருக்கும் படையும், ஆசிரியரே எல்லாவற்றையும் முடிவு செய்யும் படையும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அணி முறைக்கென்றே தனிக் கையேடு எழுதியவர் ரோலண்ட் பிலிப்ஸ். லண்டனின் ஏழைப் பகுதியில் சாரணர்களோடு உழைத்து, 1916-ல் முதல் உலகப் போரில் உயிரிழந்த இளைஞர். ஒரு பெரியவரே உட்கார்ந்து, பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுங்கள் என்று மற்றப் பெரியவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது என்றால், அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

எங்கள் ஆசிரியரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சந்தேகத்தோடு போனாலும், "உங்கள் அணித் தலைவர் என்ன சொன்னார்?" என்று முதலில் கேட்பார். அவருக்குப் பதில் தெரியும். தெரிந்தும் அண்ணனிடம் திருப்பி அனுப்புவார். நல்ல ஆசிரியரை நான் அளப்பது அந்த ஒரு கேள்வியால்தான். எதிரணி புகழ்கிற ஆசிரியரே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறார், நடுவர் அவர்களே!

"சின்னப் பையன் கையில் அதிகாரம் கொடுத்தால் அடக்கி ஆள்வானே, கேலி செய்வானே" என்றும் சொன்னார்கள். அப்படி நடந்ததும் உண்டு, நடந்த இடங்களில் குழந்தைகள் நொந்ததும் உண்டு. அதை நான் சின்ன விஷயமாக ஆக்க மாட்டேன். ஆனால் சாரண வணக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று விரல் நிமிர்ந்து நிற்கும், அவை உறுதிமொழியின் மூன்று பகுதிகள். கட்டைவிரல் மடங்கிச் சுண்டுவிரலின் மேல் படிந்திருக்கும். பெரியது சிறியதைக் காக்க வேண்டும் என்பதற்கு அடையாளம் என்று சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு முறை வணக்கம் வைக்கும்போதும் அணித் தலைவரின் கை அதை அவருக்கே சொல்கிறது.

பெரியவரின் கண் இருந்தால் போதும், பிள்ளை பத்திரம் என்ற வாதத்துக்கு மட்டும் வருத்தத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு 2020-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சிறுவயதில் படையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000-க்கும் மேற்பட்டோர் முறையிட்டார்கள். இதை வைத்துக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை, யாரும் தட்ட வேண்டாம். இன்று பல நாட்டு அமைப்புகள், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. கட்டாயம் இருக்க வேண்டிய விதி. பெரியவர்கள் காவல் இருக்கட்டும், அந்தக் காவலுக்கும் காவல் இருக்கட்டும். அந்த வேலிக்குள்ளே பிள்ளையை வளர்த்தவர் யார் என்பதுதான் இன்றைய தலைப்பு.

கடைசியாக ஒன்று. "அணித் தலைவர் இரண்டு ஆண்டில் வளர்ந்து போய்விடுவார். ஆசிரியர்தான் முப்பது ஆண்டு நிற்கிறார்" என்றார் எதிரணியின் அம்மா. மிகச் சரி. என் அண்ணனும் போனார். போகும் நாளில் அணிக் கொடியை மடித்து என் கையில் கொடுத்தார். முயலை எனக்கு ஓட்டத் தெரியும், மழை வந்தால் எழத் தெரியும், அதனால் கொடுத்தார். அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கொடி என் கைக்கு வந்திருக்காது. ஆசிரியரின் இடம் பன்னிரண்டு வயதுக்கு எட்டாத உயரம். அவரை அண்ணாந்து பார்த்து வியந்தோம். அண்ணனின் இடமோ கையை நீட்டினால் தொடும் உயரம். அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்து நான்" என்று மனசுக்குள் ஓடும். ஒரு பிள்ளை வளர்வதற்கு அந்த நினைப்பு வேண்டும். அதை எட்டாத உயரத்தில் இருப்பவரால் தர முடியாது.

கொடி கைக்கு வந்த அந்த வாரமே எங்கள் அணியில் ஒரு புதுப் பையன் சேர்ந்தான். கையில் கயிறு, முகத்தில் கலக்கம். நான் அவனுக்கு எதிரே உட்காரவில்லை.

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச வேண்டியிருக்கிறது. அவரும் சிறுவயதில் சாரணராக இருந்தவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். ஐயா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் போட்ட முதல் முடிச்சு நினைவிருக்கிறதா? அப்போது உங்கள் விரலைப் பிடித்திருந்த கை யாருடையது? அதை மட்டும் இந்த அவையில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நடுவர் அவர்கள் அதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்கட்டும்.

நன்றி, வணக்கம்.